பெயரொற்றுமையும் ஆளொற்றுமையும்: புலவர் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

தமிழ்ப் புலவர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளுட் பெயரொற்றுமை முதன்மையானது. ஒரு பெயரைப் பலர் தாங்கியிருத்தல் எச்சமுதாயத்திலும் இயல்பே. ஆயின் பெயர் ஒன்றாகக் காணப்படும் இடமெல்லாம் ஆளும் ஒருவரே எனக் கொள்ளும் வழக்கம் நமது இலக்கிய வரலாற்றில் ஆழ வேரூன்றியுள்ளது. இதனைக் காலக்கணிப்பில் நேர்ந்த பிழையாக மட்டும் கருதிவிட முடியாது. பலர் ஒருவராக இணைக்கப்படும்போது அவர்களுடைய ஊரும் தொழிலும் வாழ்நிலையும் மறைந்து போகின்றன. எஞ்சி நிற்பது தொன்மக் கதையின் தலைமைப் பாத்திரம் ஒன்றே. இவ்வாறு மறைந்தவை யாவை என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

சங்கத் தொகைநூல்களிற் பாடல்களின் இறுதியிலே பாடியோர் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 470 பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. இவற்றுட் பல வெறும் பெயர்கள் அல்ல. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என அவை ஊரையும் தொழிலையும் தந்தையையும் சேர்த்தே தருகின்றன. ஒருவர் துணி விற்றார், ஒருவர் தானியம் விற்றார், ஒருவர் மருத்துவர், ஒருவர் நாணயத்தின் தரம் நோக்குபவர், ஒருவர் ஆசிரியர் மகன். சாத்தன் என்ற பெயர் பலருக்கு இருந்தமையாலேயே இவ்வடைகள் இன்றியமையாதனவாயின. தொகுத்தோர் பெயரை மட்டும் நம்பவில்லை என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

இப்பதிவுகளின் பயனையும் வரம்பையும் ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். நற்றிணையில் மதுரைக் கொல்லன் வெண்ணாகனார் என்றொரு பெயர் உண்டு. அகநானூற்றில் மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் வருகின்றார். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்ற பெயரும் காணப்படுகின்றது. இவர்கள் மூவரா, இருவரா, ஒருவரா? முதலிருவருக்கும் ஊர் ஒன்று. கொல்லன் என்னும் பொதுச் சொல் பொற்கொல்லனையும் உள்ளடக்கும். ஆகவே அவ்விருவரையும் ஒருவராகக் கொள்ள இடமுண்டு. தங்காலிற் பிறந்தவர் மதுரையிலே தொழில் செய்திருக்கலாம் எனின், மூன்றாமவரையும் அவரோடு சேர்த்தல் கூடும். ஆயினும் அது கூடும் என்ற அளவிலேயே நிற்கும். ஐயத்தை ஐயமாகவே பதிவு செய்வது ஆய்வாளன் கடன்.

இவ்வடைகளைக் கையாள்வதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, இவை புலவர் தாமே எழுதிவைத்த தன்வரலாறுகள் அல்ல. தொகுத்தோரும் ஏடெழுதியோரும் வழங்கிய குறிப்புகள். ஏட்டுக்கு ஏடு வேறுபாடும் உண்டு. மற்றொன்று, வாணிகன், கொல்லன், மருத்துவன் என்னும் தொழிற்பெயர்களைப் பிற்காலச் சாதிப்பெயர்களாக வாசிப்பது பொருந்தாது. ஒருவர் செய்த தொழிலும் அவர்மீது பிறப்பாற் சுமத்தப்பட்ட சாதியும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மறந்து சங்கப் புலவர்களைத் தத்தம் சாதிக்கு உரிமை கொண்டாடியோர் உளர். பெயரொற்றுமை விளைத்த மயக்கத்தினும் இம்மயக்கம் கேடானது.

ஈழத்தவராகிய நமக்கும் இதில் ஒரு பாடமுண்டு. அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை ஆகியவற்றில் ஏழு பாடல்கள் ஈழத்துப் பூதன்தேவனாருக்கு உரியனவாகக் கூறப்படுகின்றன. ஈழத்து இலக்கிய வரலாறுகள் பல அவரிலிருந்தே தொடங்குகின்றன. நற்றிணையில் அடை எதுவுமின்றிப் பூதன்தேவனார் என்ற பெயரிலும் ஒரு பாடல் உண்டு. அவரும் ஈழத்தவரே எனக் கூற நம்மைத் தூண்டுவது நாட்டுப் பற்று, சான்று அன்று. பூதன் மகன் தேவன் எனப் பொருள்படும் அப்பெயர் அக்காலத்தில் அரிதான ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையில் ஒன்று குறைவதால் ஈழத்துத் தமிழின் தொன்மை குறைந்துவிடாது. அநுராதபுரத்திலே தமிழ்க் கிருகபதிகளின் மாடத்தைப் பற்றிய பிராமிக் கல்வெட்டில், ஆசனங்களுக்கு உரியோர் பெயர்கள் பொறிக்கப்பட்டபோது, அவருள் ஒருவர் நாவிகர் எனத் தொழிலாற் சுட்டப்பட்டமையும் ஈண்டு நோக்கத்தக்கது. பெயரோடு தொழிலைச் சேர்த்துப் பதியும் வழக்கம் கடலின் இருகரைக்கும் பொதுவாக இருந்தது.

இவ்வாறு வேறுபிரித்துக் காட்டிய பதிவுகள் பிற்காலத்தில் எவ்வாறு அழிந்தன என்பதற்கு நக்கீரர் வரலாறு தக்க சான்றாகும். நெடுநல்வாடை, திருமுருகாற்றுப்படை என்பவற்றின் ஆசிரியர் ஒருவரா இருவரா என்பதே விவாதத்துக்குரியது. இறையனார் அகப்பொருளுரை நக்கீரர் பெயரால் வழங்குகின்றது. அவ்வுரையோ தலைமுறை பல கடந்து வந்ததாகத் தானே கூறுகின்றது; ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனைப் பாடும் கோவைச் செய்யுள்களையும் மேற்கோளாகக் கொண்டுள்ளது. பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரிலே அந்தாதி முதலிய பிரபந்தங்கள் உள்ளன. இத்தனையும் ஒருவர் தலையில் ஏற்றப்பட்டபோது, கணக்காயர் மகனான மதுரைப் புலவர் மறைந்தார். இறைவனோடு வாதிட்டுப் பின் பணிந்த பக்தர் தோன்றினார். பல்லவர், சோழர் காலச் சைவ எழுச்சிக்குச் சங்கப் புலவரின் பெயர் தேவைப்பட்டது. எனவே இவ்விணைப்பைத் தற்செயல் என்று கூறமுடியாது.

ஔவையாரின் நிலை இதனினும் கவலைக்குரியது. சங்கத் தொகைகளில் அவர் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றவர். அவனோடு கள்ளுண்டு மகிழ்ந்ததை அவன் இறந்தபின் நினைந்து கலங்கிப் பாடியவர். கணவனைத் தேடியலைந்த வெள்ளிவீதியாரைத் தம் பாட்டிலே குறித்தவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் இயற்றிய ஔவை பல நூற்றாண்டு பிற்பட்டவர். அவருடைய உலகம் அரசவை அன்று. திண்ணைப் பள்ளியும் வேளாண் குடியின் ஒழுக்கமும் ஆகும். யோகநெறி கூறும் ஔவைகுறளின் ஆசிரியரை இவ்விருவரோடும் சேர்ப்பது இன்னும் அரிது. ஔவை என்பது முதுமகளைக் குறிக்கும் மதிப்புப் பெயராகவும் நின்றமையால் மயக்கம் எளிதாயிற்று. 1953இல் வெளிவந்த ஜெமினியின் ‘ஔவையார்’ திரைப்படம் கே. பி. சுந்தராம்பாளின் தோற்றத்திலும் குரலிலும் இவ்விணைப்பைப் பொதுமக்கள் உள்ளத்தில் உறுதியாக்கியது.

இதன் விளைவை நாம் சிந்தித்தல் வேண்டும். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு சமூகச் சூழலில், எழுத்திலே தேர்ந்த பெண்கள் பலர் வாழ்ந்தனர் என்ற செய்தி, என்றும் முதியவளாக வாழ்ந்த அதிசயப் பெண்ணொருத்தியின் கதையாகச் சுருங்கிவிட்டது. பல பெண்கள் எழுதினர் எனில் அது சமுதாய வரலாறு. ஒருத்தி மட்டும் தெய்வ அருளால் எழுதினாள் எனில் அது விதிவிலக்கு. விதிவிலக்கை வணங்குவது, ஏனைய பெண்களுக்கு எழுத்தை மறுத்த சமுதாயத்துக்கு வசதியாயிருந்தது.

இனி, இக்கூற்றுக்கு ஒரு மறுப்பும் எழக்கூடும். பெயரை இரவல் வாங்குதல் எப்போதும் மேலோர் நலத்துக்கே பயன்பட்டதா? இல்லை என்பதற்குக் கபிலர் அகவல் சான்று. சங்கக் கபிலர் தம்மை அந்தணன் என்றே கூறிக்கொண்டவர். அவரிலிருந்து வேறுபடுத்தத் தொகைநூலார் இன்னொருவரைத் தொல்கபிலர் என்றனர். பல நூற்றாண்டின் பின், அறியப்படாத ஒருவர் கபிலரின் வாயாற் சாதிப் பாகுபாட்டைச் சாடும் அகவலை யாத்தார். அதன்படி உடன்பிறந்தார் எழுவரும் வண்ணார், பாணர், குறவர், பறையர், அந்தணர் எனப் பல்வேறு மனைகளில் வளர்கின்றனர். ஔவையும் வள்ளுவரும் அவருள் இருவர். வரலாறாக நோக்கின் இது பொருந்தாக் கதை. ஆயின் பிறப்பு ஒன்றாயிருக்க வளர்ந்த மனையே சாதியாயிற்று என அக்கதை உரைக்கும் உண்மை கூர்மையானது. அந்தணப் புலவரின் பெயரைக் கொண்டே அந்தண மேன்மையை மறுத்தமை அவ்வாசிரியரின் துணிவு. ஆகவே சங்கக் கபிலரையும் அகவலாசிரியரையும் பிரித்தறிவது பின்னவரைத் தாழ்த்துவதாகாது. பிரித்தறிந்தாலன்றி அவருடைய எதிர்ப்பை அவருக்கு உரியதாக மதிப்பிட முடியாது.

நவீன காலத்தில் முதலில் இத்துறையில் உழைத்தோர் ஈழத்தவரே. சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூராக்’ 1859இலும், ஆ. சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இலும் வெளிவந்தன. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் அச்சிட்டது 1894இல் ஆகும். தொகைநூற் குறிப்புகளை அச்சிற் காணாத காலத்தே எழுதிய முன்னோடிகள் செவிவழிக் கதைகளைச் சார்ந்தமைக்காக அவர்களைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆனால் 1940இல் எஸ். வையாபுரிப்பிள்ளை சங்கப் பாடல்களைப் புலவர் வாரியாக வகுத்துப் பதிப்பித்த பின்னரும் பழைய கதைகளையே வரலாறாகக் கூறுவோருக்கு அவ்விலக்கு இல்லை. காலத்தைக் குறைக்கின்றார் என அவர் கண்டிக்கப்பட்டார். ஆயினும் புலவரைத் தனித்தனி மாந்தராகக் காண நமக்கு வழிகாட்டியவர் அவர்.

இம்மயக்கம் பழங்காலத்தோடு முடிந்ததுமன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968) இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்பித்தவர், சாசன ஆய்வாளர், பேச்சுத் தமிழில் நாடகம் எழுதியவர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) சைவாசிரிய கலாசாலை ஆசிரியர். ‘இலக்கிய வழி’ தந்த மரபுவழி அறிஞர். புலவர் வரலாறு எழுதிய தென்புலோலியூர் மு. கணபதிப்பிள்ளை மூன்றாமவர். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே இவர்களைப் பிரிக்கின்றது. அவ்வெழுத்தைக் குடும்பப் பெயர் என மயங்கும் பட்டியலாளரும், அதனை விட்டெழுதும் மாணவரும், இன்னும் சில தலைமுறையில் மூவரையும் ஒருவராக்கி விடுதல் கூடும். அப்போது பேச்சுவழக்கை மேடையேற்றிய பேராசிரியரும் மரபைப் பேணிய பண்டிதரும் ஒருவராகி, இருபதாம் நூற்றாண்டின் இலக்கிய முரண்பாடு ஒன்றே மறைந்துவிடும். தென்புலோலியூர் என்ற அடையும் பண்டிதமணி என்ற பட்டமும் இன்று செய்வது, கூலவாணிகன் என்ற அடை அன்று செய்த பணியே.

எனவே பெயர் ஆய்வின் தொடக்கமாக அமையலாமேயன்றி முடிவாக அமைதல் ஆகாது. ஊர், தொழில், புரவலர், மொழிநடை, கருத்துநிலை ஆகிய யாவும் ஒத்து நிற்கும்போதே ஆளொற்றுமையை நாம் ஏற்கலாம். ஒவ்வாதபோது தனித்தனியே நிறுத்துதல் வேண்டும். நூலைப் பாடியவருக்கு நாம் செய்யும் முதல் மரியாதை, அவரை இன்னொருவராக்காமல் விடுவதேயாம்.