கண்ணைப் பொத்திய கைகள்

1950 ஜூலை 2 விடியுமுன், கியோத்தோவின் பொற்கோயிலான கின்காகுஜிக்கு அங்கேயே பயின்றுவந்த இளந்துறவி ஒருவர் தீ வைத்தார். அந்தச் சம்பவத்திலிருந்து யுகியோ மிஷிமா 1956இல் தன் நாவலை உருவாக்கினார். தீ வைப்பவனே கதை சொல்கிறான்: மிசோகுச்சி, திக்குவாய் உள்ளவன்.

நாவலின் கரு, என்னைக் கேட்டால், ஒரு கொசுவலைக்குள் இருக்கிறது. கோடை இரவு. அப்பா, அம்மா, பையன், உறவுக்காரன் ஒருவன், நால்வரும் ஒரே வலைக்குள் படுத்திருக்கிறார்கள். வலை அசைகிறது, அது காற்றின் அசைவு இல்லை. அம்மாவும் அந்த உறவுக்காரனும். பையன் பார்த்த மறுநொடியே பின்னாலிருந்து இரண்டு உள்ளங்கைகள் அவன் கண்ணைப் பொத்துகின்றன. அப்பா தூங்கவில்லை.

ஃப்ராய்டைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே பிடிபடும். ஆனால் ஃப்ராய்டு காட்டும் தந்தை மிரட்டுபவர். இவரோ நோயாளி, அவமானப்பட்டவர், மகனைக் காப்பாற்ற நினைப்பவர். அவரை எப்படி வெறுப்பது? வெறுக்க வழியில்லாத கோபம் வேறிடம் தேடுகிறது. பொற்கோயிலைப் போல அழகு உலகில் வேறில்லை என்று மகனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்ததும் அதே அப்பாதான். அவர் இறந்தபின் அந்தக் கைகளின் வேலையைக் கோயில் எடுத்துக்கொள்கிறது. பின்னாளில் ஒரு பெண் அவன்முன் மார்பைத் திறக்கும்போது, அந்த மார்பே பொற்கோயிலாக மாறிவிடுகிறது. ஆசை அங்கேயே உறைந்துபோகிறது. அழகு அவன் கண்ணைப் பொத்துகிறது! ஒரு மனச்சிக்கலை விளக்கமே இல்லாமல் இப்படிக் கண்முன் நிறுத்திய நாவலாசிரியர்கள் மிகக் குறைவு.

அதற்காக எல்லாவற்றையும் அப்பா கணக்கில் எழுதிவிட முடியாது. மிசோகுச்சிக்குத் திக்கல் என்பது துருப்பிடித்த பூட்டு. முதல் ஒலி என்ற சாவி அதில் திரும்புவதில்லை. கடைசியில் தீ வைத்துவிட்டு, உள்ளேயே சாகலாம் என்று மேல்மாடிக்கு ஓடுகிறான். அந்தக் கதவும் பூட்டியிருக்கிறது. தட்டுகிறான், இடிக்கிறான், திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் வாய்க்குள் இருந்த பூட்டு இப்போது கோயிலிலேயே தொங்குகிறது. வெளியே ஓடி, மலைமேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறான். வாழ வேண்டும் என்று நினைக்கிறான்.

இந்த முடிவு மிஷிமாவுடையது. நிஜத்தில் தீ வைத்தவர் தூக்க மாத்திரை விழுங்கித் தன்னைக் குத்திக்கொண்டார். உயிர் பிழைத்துச் சிறை சென்றார். மிசோகுச்சியோ கத்தியையும் மருந்தையும் வீசி எறிகிறான். அவனை வெறும் நோயாளியாக மட்டும் படிப்பவர்கள் அந்த ஒரு பக்கத்தை மறுபடி படிக்க வேண்டும்.