தானா ராத்தாவில் மண்ணுக்குரிய செடிகள்: நட்டால் போதுமா?

தானா ராத்தாவுக்கு வரும் பயணிகள் படம் எடுத்துப் போகும் பூக்களில் பெரும்பாலானவை கேமரன் மலையில் பிறந்தவை அல்ல. லாவெண்டர் மத்தியதரைக் கடல் பக்கத்தது. ஹைட்ராஞ்சியா ஜப்பானுக்குரியது. தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூ தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது. இதே மலையில், ஈரம் கசியும் நிழலில், மஞ்சள் நிறத்தில் ஒரு காசித்தும்பை பூக்கிறது. பார்த்தவுடன் ஆர்க்கிட் என்றே தோன்றும். மலாய்த் தீபகற்பத்து மலைகளை விட்டால் அதற்கு வேறு தாய்நிலம் கிடையாது. ஆனால் அதற்கு விளம்பரப் பலகையும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை.

இந்த நிலையில், மண்ணுக்குரிய செடிகளை மக்களுக்கு அறிமுகம் செய்வதும், சாலையோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் அவற்றை நடுவதும் தேவையான வேலை. 2001இல் தொடங்கப்பட்ட 'ரீச்' என்ற உள்ளூர் அமைப்பு காடு, ஆறு, குப்பை பற்றிய விழிப்புணர்வை இரண்டு தலைமுறைக்குக் கொண்டு போயிருக்கிறது. இந்த முயற்சிகளில் எனக்குப் பெரிதாகப் படுவது, செடியை அது வாழும் இடத்திலேயே காட்டும் கல்வி. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் பலகைப் பாதையில் நடக்கும் ஒரு மாணவி, பாசிக்குள் பாதி புதைந்த குடுவைத் தாவரத்தைக் குனிந்து பார்க்கலாம். நெப்பந்தஸ் மாக்ஃபர்லேனி என்ற இனமானால் குடுவை மூடியின் அடிப்பக்கத்தில் வெண்ணிற மயிர் இருக்கும். நெற்றி உயரத்துக் கிளைகளெல்லாம் பாசி போர்த்தியிருக்கும். மழை இல்லாத நாளிலும் மூடுபனியைப் பிடித்து அந்தப் பாசி சொட்டிக்கொண்டிருக்கும். மலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாடநூலில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

அழகுத்தோட்டக் கலை மண்ணுக்குரிய செடிகளைக் கையில் எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'உள்நாட்டுச் செடி' என்றதும் நாட்டின் சின்னங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. செம்பருத்தி 1960இல் தேசிய மலரானது. ஆனால் அது இந்தத் தீபகற்பத்துக் காட்டுச்செடி அல்ல. 2019இல் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட மெர்பாவ் மலேசியக் காட்டு மரம்தான், ஆனால் தாழ்நிலத்து மரம். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காட்டை ஆள்பவை மலை ஓக் மரங்களும் அவற்றோடு வளரும் இலவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்களும். ஓக் விதை காய்ந்தால் செத்துவிடும், சேமித்து வைக்க முடியாது. விதை விழும் பருவத்தில் பொறுக்கி உடனே முளைக்கப் போட வேண்டும். எல்லா ஆண்டும் விதையும் கிடைக்காது. நாற்றுப்பண்ணைக்காரர் எளிதாகக் கிடைக்கும் கன்றைக் கொண்டுவந்து இறக்கிவிடுவதற்கு இதுவே காரணம். 2021இல் தொடங்கிய 10 கோடி மரம் நடும் தேசிய இயக்கம் போன்றவற்றில் எண்ணிக்கையே இலக்காக இருப்பது இந்தப் போக்கை இன்னும் வளர்க்கிறது.

காட்டுப்பூக்களின் கதை இதைவிடக் கவலை தருவது. ஆர்க்கிட் விதை முளைக்கக் குறிப்பிட்ட பூஞ்சைகள் துணை வேண்டும். சத்தில்லாத மண்ணுக்குப் பழகிய குடுவைத் தாவரம் உரம் போட்டால் வேர் கருகும். கோழி எரு மணக்கும் காய்கறி மண்ணுக்குப் பக்கத்தில் அதை வைத்து அழகு பார்க்க முடியாது. விடுதி முற்றத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் இவை வேண்டும் என்ற ஆசையைக் கிளப்பிவிட்டால், அதற்கான செடி பெரும்பாலும் காட்டிலிருந்துதான் பிடுங்கப்படும். நல்ல நோக்கத்தோடு செய்யும் பிரச்சாரம் காட்டைக் கொள்ளையடிக்க ஆள் அனுப்பியதாக முடியலாம். எனவே ஆர்க்கிட், குடுவைத் தாவரம் இரண்டையும் அலங்காரப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாலை வெட்டிய சரிவில் தானாக முளைக்கும் செண்டுடுக் போன்ற எளிய செடிகள் போதும். பெரிய ஊதா இதழ்களோடு பூத்து, பறவைக்குப் பழமும் கொடுக்கும். அதன் குடும்பத்திலேயே, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து பரவும் கிளிடேமியாவும் உண்டு. அதற்குச் சின்ன வெள்ளைப் பூ, தண்டெல்லாம் மயிர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்க்கக் கற்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல பாடம்.

காட்டு மரக் கன்றுகளை வளர்க்க வழி இல்லாமல் இல்லை. கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நடத்திய பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் பல ஆண்டுகள் பொறுமையாகச் சோலைக் கன்றுகளை வளர்த்தார்கள். எந்த விதை எப்போது கிடைக்கும், எது எப்படி முளைக்கும் என்று ஒவ்வோர் இனமாகக் கற்றுக்கொண்டார்கள். கேமரன் மலைக்கு வேண்டியது இப்படி ஒரு நாற்றங்கால். அதில் காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த செமாய் மக்கள் கூலிக்கு வருபவர்களாக இல்லாமல் ஆசிரியர்களாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒரு செடியைப் பழிப்பது எனக்கு ஒப்பவில்லை. தேயிலையும் வந்ததுதான். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபின், அதில் கொழுந்து கிள்ள நம் பாட்டன் பாட்டிகளும் வந்தார்கள். ஒரு செடி மண்ணைப் பிடிக்கிறதா, ஓடைக்கு நிழல் தருகிறதா, காட்டுக்குள் புகுந்து மற்றதை அமுக்குகிறதா என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மண்ணைப் பிடிக்க எதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மலை பார்த்திருக்கிறது. 2013 அக்டோபரில் ரிங்லெட் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் பாய்ந்து உயிர்கள் போயின. மேலே காடு வெட்டிய சரிவுகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் வந்த மண் அணையில் பெருமளவு படிந்திருந்தது. அந்தச் சரிவுகளைத் தொடாமல் நகர முச்சந்தியில் நாலு உள்நாட்டுச் செடி வைத்து விழா எடுப்பதால் ஆற்றுக்கு என்ன பயன்?

ஓடைக்கரையும் தோட்ட ஓரமும்தான் முதலில் நட வேண்டிய இடங்கள். அங்கே சாமந்தியும் கோசும் போட்டிருக்கும் விவசாயிகளில் பலர் நெடுங்காலமாக ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் பிழைத்தவர்கள். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவரிடம், வளர்ந்து நிற்க முப்பது நாற்பது ஆண்டு ஆகும் ஓக் கன்றைக் கொடுத்து வரப்பில் நடச் சொல்கிறோம். நீண்டகாலக் குத்தகை, கரையோரம் விட்டுக்கொடுக்கும் நிலத்துக்கு இழப்பீடு, கன்று வேர்பிடிக்கும்வரை களை பிடுங்கக் கூலி ஆகிய மூன்றையும் மாநில அரசு முன்வைத்தால், அந்த விவசாயியும் கன்றை வாங்கிக்கொள்வார்.