துரத்தாத படகு

சின்னப் படகில் மீன் பிடிப்பதை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் முதலில் செய்வது, எத்தனை மீன் விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது. அதைக் கடைசிக்கு வையுங்கள். மீன் எவ்வளவு, என்ன விலை என்பதெல்லாம் வியாசர்பாடித் தெருவுக்குக் கூடை தூக்கி வரும் அம்மாவிடமே தெரிந்துவிடும். அந்தப் படகு ஏன் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதுதான் கூடையில் வராது.

விசைப்படகு மீனைத் தேடிப் போகும், இழுவலையைப் போட்டு வாரிக்கொண்டு வரும். துடுப்பிலும் கழியிலும் ஓடுகிற படகுக்கு அந்த வேகமும் இல்லை, பலமும் இல்லை. அது எந்த மீனையும் துரத்திப் பிடித்ததில்லை. மீன் எந்த வழியாக எப்போது வரும் என்று முன்னாடியே கணக்குப் போட்டு, வழியில் போய் நிற்கும். தொழிலின் சாமர்த்தியம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். அதைப் பிடித்துவிட்டால் மணிக்கணக்கில் கரையில் உட்கார்ந்திருந்தாலும் அலுக்காது.

இதைக் கற்றுக்கொள்ளக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் சரியான இடம் இல்லை என்பது என் கட்சி. கிட்டத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஏலமும் பேரமும் பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பார்ப்பது வியாபாரம். பிடிப்பது எல்லாம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் முடிந்துபோயிருக்கும். எண்ணூருக்குப் போங்கள். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் போதும். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் போகும் வழியில் ரயில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைக் கடக்கும். கடல் பக்க ஜன்னலில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இல்லாதபோது, நங்கூரம் போட்ட படகுகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்திருந்தால் தண்ணீர் ஓடுகிறது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீர் நிற்கிறது. பாலத்தைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இந்தப் பாடம் போதும்.

பிறகு திரும்பும் வண்டியில் எண்ணூரில் இறங்கி முகத்துவாரத்துக்கு நடந்தோ ஆட்டோவிலோ வந்து உட்காருங்கள். கடல் தண்ணீர் உள்ளே ஏறினால் ஏத்தம், வெளியே இறங்கினால் வத்தம். ஒரு நாளைக்கு இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். மறுநாள் அதே ஏத்தம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டமும் வேகம். அஷ்டமி நவமிப் பக்கம் தண்ணீர் சோம்பலாகக் கிடக்கும். சென்னைக் கரையில் இந்த வித்தியாசம் பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கடலில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குறுகலான முகத்துவாரத்தில் அதே ஒரு மீட்டர் ஆறு மாதிரி ஓடும். அதனால் எந்த நாளில் போவது என்பதை ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நாள்காட்டியில் திதியைப் பாருங்கள்.

இறாலின் கதை தெரிந்தால் இந்த ஓட்டம் எதற்கு என்று புரியும். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு ஏத்தத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, சேற்றிலும் அலையாத்தி வேரடியிலும் தின்று வளரும். வளர்ந்ததும் வத்தத்தோடு கடலுக்குத் திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் இறங்கி உப்பு குறையும்போது கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். அது போகும் வழியில் வத்தத்துக்கு வாய் திறந்து வலை கட்டினால் இறால் தானாக வந்து ஏறும். அப்படி என்றால் நல்ல வழி எது, அதில் யார் வலை கட்டுவது என்ற சண்டை வரத்தானே செய்யும்? வடக்கே பழவேற்காட்டில் அதற்குப் பாடு என்று ஒரு முறையே உண்டு. மீன் வரும் இடங்களைப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்துக் குடும்பங்கள் மாற்றி மாற்றித் தொழில் செய்வார்கள். நேற்று நல்ல இடத்தில் நின்றவர் இன்று சுமாரான இடத்தில் நிற்பார். படகு நிற்கும் இடத்துக்குப் பின்னால் இப்படி ஊர்ப் பேச்சுவார்த்தையும் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

படகே இல்லாத மீன்பிடிப்பும் இங்கே உண்டு. இருளர் மக்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப் பறியில் போடுவார்கள். கை கீழே, பறி மேலே, கண் எங்கோ. ரசனை என்று பேச வந்தவன் நான், இதைப் பார்த்தால் மரியாதை என்ற சொல்தான் வருகிறது.

படகில் இரண்டு பேர் இருந்தால் நம் கண் வலை விடுகிறவர்மேல்தான் போகும். வீச்சு வலை வட்டமாக விரிந்து விழுவது அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவையாவது துடுப்புப் போடுகிறவரை மட்டும் பாருங்கள். செவுள் வலையை நீட்டி விடும்போது காற்று படகை ஒரு பக்கம் தள்ளும், தண்ணீர் வேறு பக்கம் இழுக்கும். படகு வலைமேல் ஏறிவிடக் கூடாது, வலை சுருண்டுவிடக் கூடாது, மிதவைகள் வரிசை கலையக் கூடாது. துடுப்பை ஒரு சாண் உள்ளே திருப்பி அவர் இதையெல்லாம் சரி பண்ணிக்கொண்டே இருப்பார். வேலை நன்றாக நடந்தால் எதுவுமே நடக்காத மாதிரி தோன்றும். சங்கீதக் கச்சேரியில் தம்புராவைக் கேட்கப் பழகுவது போலத்தான் இதுவும்.

கடல் பக்கம் ஆட்டம் வேறு. நம் கரையின் பழைய வாகனம் கட்டுமரம். ஆணி கிடையாது. செதுக்கிய மரங்களைச் சேர்த்து முன்னும் பின்னும் கயிற்றால் கட்டியது. கரை வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டு, மறுபடி கட்டுவார்கள். உள்ளே தண்ணீர் தேங்குவதற்கு 'உள்ளே' என்று ஒன்று இல்லாததால் மூழ்குவதற்கும் வழியில்லை. துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் சென்னைக்கு எதிரே ஆழத்தில் நங்கூரம் போட்டு நின்ற காலத்தில், கரையலையைத் தாண்டிக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். தலையில் பாயால் முடைந்த கூம்புத் தொப்பி, அதற்குள் நனையாமல் கடிதம். இன்று அந்த மரங்கள் அருகிவிட்டன. ஃபைபர் படகு ஏற்கெனவே வந்திருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் அது ஏராளமாக வந்து சேர, கட்டுமரம் ஓரத்துக்குப் போனது. ஆனாலும் தெர்மாகோலை வலையில் பொதிந்து கட்டி, அதன்மேல் மண்டியிட்டுத் துடுப்புப் போடுகிறவர்களைக் கரையோரம் பார்க்கலாம். பொருள் மாறினாலும் யோசனை பழசுதான்.

இவர்கள் கரையலையைத் தாண்டுவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அனுபவசாலி இடுப்பளவுத் தண்ணீரில் மரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். கரையில் நிற்கும் நமக்குப் பொறுமை போய்விடும். திடீரென்று தள்ளி, ஏறி, நாலு இழுப்பில் உடையும் அலைக்கு அந்தப் பக்கம் போயிருப்பார். நீங்களும் கூடவே எண்ணிப் பாருங்கள். அவர் தள்ளிய நேரத்தில்தான் நீங்களும் தள்ளியிருப்பீர்களா என்று சோதித்துக்கொள்ளுங்கள். காற்றையும் கவனியுங்கள். விடியற்காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து கடலுக்கு வீசும், மதியத்துக்குமேல் கடல்காற்று கரைக்குத் திரும்பும். பாய் கட்டி ஓடிய காலத்தில் போகவும் வரவும் இந்த இரண்டு காற்றும் இலவச என்ஜின்.

இந்தக் காட்சிக்கு மணல் கரை வேண்டும். அதுதான் ராயபுரத்துக்கு வடக்கே பஞ்சம். இந்தக் கரையோரம் மணல் வருஷத்தில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்துச் சுவர் அதை மறித்ததும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கடல் கரையைத் தின்றது. கருங்கல் கொட்டி, தூண்டில் வளைவு போட்டுத்தான் திருவொற்றியூர் சாலை நிற்கிறது. வளைவுகளுக்கு நடுவே எங்கே கொஞ்சம் மணல் ஒதுங்கியிருக்கிறதோ அங்கே படகுகள் அடைந்திருக்கும். மெரினாவில் காற்று வாங்கப் போகும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கழிமுகத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து ஆற்றில் சாம்பல் படிந்தது. படகு ஓடிய இடங்களில் ஆள் நடக்கலாம் என்றானது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் இறங்கியது. வலை பிடித்த கைகள் மக்கால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றின. மீனைத் துரத்தும் படகு வேறு கடலுக்குப் போய்விடும். வழியில் நிற்கிற படகுக்கு, வழியே அடைபட்டால் தெரிந்த கணக்கெல்லாம் செல்லாது. எண்ணூரில் ஒரு பெரியவர் தண்ணீரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அது சும்மா பார்ப்பது அல்ல. மனசில் இருக்கும் பழைய வரைபடத்தோடு புதிய மேட்டையும் பள்ளத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, நாமே பிடித்துப் பார்க்க ஆசை வந்தால்? முதலில் கரையிலிருந்து கைத்தூண்டில். கட்டையில் சுற்றிய நரம்பு, ஒரு ஈயக்குண்டு, சின்ன முள், இரைக்கு இறால் துண்டு. கம்பு வேண்டாம், ஆள்காட்டி விரல்மேல் நரம்பு ஓடட்டும். கிழங்கான் கொத்திக் கொத்திப் பார்க்கும், கெளுத்தி ஒரேயடியாக விழுங்கும். கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கமும் முள் உண்டு, குத்தினால் விஷக் கடுப்பு எடுக்கும். தெரிந்தவர் கழற்றிக் காட்டும்வரை தொடாதீர்கள்.

படகில் ஏற, கழிமுகத்தில் தை பிறந்த பிறகு வரும் மாதங்கள் தோது. மழை வெள்ளம் வடிந்து தண்ணீர் அமைதியாக இருக்கும். குப்பத்தில் பேச்சுக் கொடுத்து, "அண்ணா, காலி நேரத்துல ஒரு சுத்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேளுங்கள். வலை போடும் நேரத்தில் கேட்காதீர்கள். "வத்தம் நிக்கட்டும் தம்பி" என்றால் பேசாமல் காத்திருங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் ஏற வேண்டாம், நீச்சல் தெரிந்திருந்தாலும். துறைமுகத்தில் 1-ம் எண் புயல் கூண்டு ஏறியிருந்தால் அன்றைக்குத் திட்டமே வேண்டாம். படகில் நடுவில் தாழ்வாக உட்காருங்கள், எழுந்து நின்று போட்டோ எடுக்காதீர்கள். துடுப்பைக் கையில் கொடுத்தால் நேராக ஓட்டுவதை மட்டும் பழகுங்கள். புதுசாகப் பிடிக்கிறவர் கையில் படகு வட்டம் போடும், எல்லாருக்கும் அப்படித்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் பெரிய படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளும் நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகும். கரைக்கு வருகிற மீனின் அளவைப் பார்த்தால் வலைக்கண்ணின் அளவு தெரியும். இனத்தைப் பார்த்தால் எந்த ஆழத்தில் நின்றார்கள் என்று ஊகிக்கலாம். மடவையும் ஊடானும் கழிமுகத்துக் கணக்கு, கவலையும் கானாங்கெளுத்தியும் கடல் கணக்கு. இப்போது எட்டிப் பார்க்கலாம். வாங்குவதானால் பேரத்தைச் சுருக்குங்கள். படகில் அழைத்துப்போனவருக்கு அந்த நேரக் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள், மீன் விலையில் கழிக்க வேண்டாம்.