எளிய மொழியும் இலத்திரனியல் உலகும்: சமவாய வாசகம் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றியதும் இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்ததுமான, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை, அறிவுத்திறன் குறைபாடுடைய இளைஞரை மனங்கொண்டு வாசிப்போமாயின், ஒரு குறை புலப்படும்.

அதன் 2ஆம் உறுப்புரை எளிய மொழியையும் தொடர்பாடல் வகைகளுள் ஒன்றெனக் கொள்கின்றது. ஆயின், தகவல் பெறும் உரிமையைக் கூறும் 21ஆம் உறுப்புரை சைகை மொழியையும் பிரெயிலையும் பெயர் சுட்டுமிடத்து எளிய மொழியைச் சுட்டவில்லை. பொதுச் சொல்லொன்றினுள் அதனை அடக்கிவிடுகின்றது. 9ஆம் உறுப்புரையோ, எளிதில் வாசித்து விளங்கத்தக்க வடிவத்தைக் கட்டட அறிவிப்புகளுக்கு வேண்டுகின்றது. இணையத்தைப் பேசுமிடத்து அச்சொற்கள் இல்லை. உரிமை மறுக்கப்படவில்லை என்பது உண்மையே. எனினும் பெயர் பெறாதது நடைமுறையில் எளிதில் மறக்கப்படும்.

கருவியைக் கையிற் கொடுத்தல் வேறு. அதிலுள்ளதை விளங்கச் செய்தல் வேறு. தமிழில் இவ்விடைவெளி மேலும் அகன்றது. பேச்சு வழக்கில் வாழும் இளைஞன் திரையில் எதிர்கொள்வது பெரும்பாலும் எழுத்து வழக்கையே. படிவமொன்றை நிரப்பவும் பிறர் துணையை நாடுபவன் சமூகத்தில் இணைந்தவனாவது எங்ஙனம்? இரட்டை வழக்கை ஆராயும் நாம் எளிய எழுத்துத் தமிழை வகுப்பதையும் எமது கடனாகக் கொள்ளல் வேண்டும். இக்கட்டுரையின் நடையும் அக்குறைக்கு விலக்கன்று.