சாம்பாரில் கரையும் மாத்திரை

“அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுத்துடலாமா சிஸ்டர்?” குடிநோய்ப் பிரிவில் வேலை பார்த்த செவிலியருக்கு இந்தக் கேள்வி பழகியிருக்கும். கேட்பவர் பெரும்பாலும் மனைவி, சில சமயம் அம்மா. அவர்கள் சொல்வது டைசல்பிரம் மாத்திரையை.

குடித்த மது உடலில் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறும். அதை ஒரு நொதி சீக்கிரமே அசிட்டிக் அமிலமாக்கிவிடும். டைசல்பிரம் அந்த நொதியை முடக்குகிறது. பிறகு ஒரு மடக்குக் குடித்தாலும் போதும்: கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, குமட்டலும் வாந்தியும் வரும். கோபன்ஹேகனில் குடற்புழுவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஆய்வாளர்கள் ஹால்டும் யாக்கப்சனும் இந்த மாத்திரையைத் தாங்களே விழுங்கிவிட்டு மது அருந்தியபோது இதை அனுபவித்தார்கள். 1948இல் இது குடிக்கான மருந்தாக வெளியே வந்தது.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடியை விட நினைப்பவர் கடை வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் தனக்குள் சண்டை போட வேண்டியிருக்கிறது. டைசல்பிரம் அந்தச் சண்டையைக் காலை ஒரு வேளையோடு முடித்துவிடுகிறது. மாத்திரை உள்ளே போய்விட்டால் இன்று குடிக்க முடியாது, அவ்வளவுதான். விலையும் அதிகமில்லை. யாராவது எதிரில் நின்று கொடுக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் வேலை செய்வது மாத்திரையா, அச்சமா? 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 605 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 250 மில்லிகிராம் டைசல்பிரம். இன்னொன்றுக்குப் பெயரளவில் 1 மில்லிகிராம். மூன்றாவது குழுவுக்கு வைட்டமின் மட்டும். குடியை முழுதாக விட்டவர்கள் கணக்கில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மறுபடி குடித்தவர்களுக்குள் மட்டும், முழு அளவு பெற்றவர்கள் குறைந்த நாட்களே குடித்தார்கள். குடித்தால் என்ன ஆகும் என்ற அறிவுதான் மருந்தின் பெரும்பகுதி என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அப்படியானால் சாம்பாரில் கலப்பது மருந்தைத் தலைகீழாக்குகிறது. தெரியாதவருக்கு அச்சம் இல்லை. அச்சம் இல்லாதவர் வழக்கம்போலக் குடிப்பார், முழு அளவு குடிப்பார். ரத்த அழுத்தம் சரியலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், உயிரே போகலாம். ஆரம்பக் காலத்தில் மருத்துவர்களே பெரிய அளவில் கொடுத்து, மேற்பார்வையில் மதுவும் ஊற்றிப் பரிசோதித்தார்கள். மரணங்கள் நேர்ந்த பிறகுதான் அளவு குறைந்தது, அந்தப் பழக்கமும் ஒழிந்தது. மருத்துவமனையில் கைவிட்டதை இன்று சமையலறையில், நாடி பார்க்க ஆளில்லாமல் செய்கிறோம். செவிலியர் பாடநூல்கள் ‘நோயாளியின் சம்மதம் பெறுக’ என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுவதில் எனக்கு மனக்குறை உண்டு. படிப்பவருக்கு அது சட்டச் சடங்காகத் தெரிகிறது. மருந்து வேலை செய்யும் முறையே அதில்தான் இருக்கிறது.

சம்மதத்தோடு கொடுத்தாலும் குறைகள் உண்டு. கல்லீரல் கெட்டவருக்கும் இதய நோயாளிக்கும் ஆகாது. மூளையில் டோபமினைக் கூட்டுவதால் மனச்சிதைவு உள்ளவருக்கு நோய் கிளம்பலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிய வேண்டும். கை நடுக்கத்தையோ குடியை நிறுத்தியதும் வரும் பிதற்றலையோ இது தீர்க்காது. அதற்கு வேறு மருந்து, தயாமின், இரவெல்லாம் பக்கத்தில் ஒரு செவிலியர் வேண்டும். இன்னொன்றும் உண்டு: தினமும் மாத்திரையை நீட்டும் மனைவி மெல்ல மெல்லக் காவலாளி ஆகிவிடுகிறாள். முடிந்தவரை அந்த வேலையை வேறொருவரிடம் கொடுக்கலாம். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை மிரட்டாமல் நாட்டத்தைக் குறைப்பவை. யாருக்கு எது பொருந்தும் என்பதையும் பேசலாம்.

ஆகவே கலந்து கொடுக்கலாமா என்று கேட்ட அந்தப் பெண்ணிடம் “கூடாது” என்று ஒரு சொல்லில் முடிப்பதும் தவறு. அவள் வேறு வழியெல்லாம் பார்த்துவிட்டு வந்தவள். உட்காரவைத்துப் பேச வேண்டும். குடிப்பவரையும் அழைத்து வரச் சொல்ல வேண்டும். தெரிந்து விழுங்குபவருக்கு நாம் சொல்லி அனுப்ப நிறைய இருக்கிறது: இருமல் மருந்திலும் ஆல்கஹால் இருக்கலாம், சவரத்துக்குப் பின் தடவும் திரவமும் வேண்டாம், மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை குடிக்கக் கூடாது. சட்டைப் பையில் ‘டைசல்பிரம் சாப்பிடுகிறேன்’ என்று ஓர் அட்டையும் வைத்து அனுப்புவோம். சாலையோரம் விழுந்தால் தூக்குபவருக்குத் தெரியட்டும் என்று. சாம்பாரில் சாப்பிட்டவர் பையில் அந்த அட்டை இருக்காது.