இளவேனிலை எதிர்நோக்கிய நோன்பு

மார்கழி பிறந்தால் திருப்பாவையின் 30 பாடல்களையும் ஓதி மகிழ்கின்றோம், மாணவர்க்கும் கற்பிக்கின்றோம். அதே ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களில், கனாக் கண்ட பதிகம் ஒன்றே மணப்பந்தல்களில் ஒலிக்கின்றது. ஏனையவற்றைப் பலர் தொடுவதில்லை. தொடக்கப் பதிகமே காமனை வேண்டுவதாக அமைந்திருப்பது இதற்கொரு காரணம். வேனிற் கடவுளை வணங்கும் பாட்டுக்குப் பக்தியில் என்ன இடம் என்று ஐயுறுவோர் உளர். அவ்வையம் பொருந்துமா என ஈண்டு நோக்குவாம்.

மார்கழி நோன்பு முடியும் இடத்தில் இந்நோன்பு தொடங்குகின்றது. தையில் தரையைத் தூய்மை செய்து கோலமிடுகின்றாள், மாசியில் நுண்மணலால் தெருவை அணி செய்கின்றாள், பங்குனியிலும் நோற்கின்றாள். தமிழ்ப் பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியுமே இளவேனில். பின்பனியைத் தொல்காப்பியம் பாலைக்கு உரித்தாக்குகின்றது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. எனவே இப்பதிகம் வந்துவிட்ட வேனிலைக் கொண்டாடும் பாட்டன்று. வாராத வேனிலுக்குக் காத்திருக்கும் பாட்டு.

நோற்பவளின் தோற்றமும் இதற்குச் சான்று. முருக்க மலர் தூவி மூன்று போதும் தொழுகின்றாள்; கரும்பு படைக்கின்றாள். கரும்போ காமனின் வில்லாவது. ஆனால் அவள் மேனி மாசேறியது, கூந்தல் உலர்ந்தது, உதடு வெளுத்தது, உணவு ஒருவேளையே. படையலில் வேனில் இருக்கின்றது. படைப்பவளிடம் பனிக்காலமே இருக்கின்றது. இம்முரணே பதிகத்தின் உயிர். இதனை நீக்கிவிட்டு, பருவ வருணனை என்று மட்டும் சொல்லிக் கடப்பது குறையுடைய வாசிப்பாகும்.

காமனை வேண்டியது ஏன் என்னும் வினாவை வைணவ உரையாசிரியர்களும் எதிர்கொண்டனர். காதல் மிகுதியால் நேர்ந்த மயக்கம் என்று அமைதி கூறினர். அது தக்க விடையே. எனினும் பாட்டுக்குள்ளேயே மற்றொரு விடை உண்டு. அவள் காமனிடம் இன்பம் கேட்கவில்லை. திருமாலுக்குத் தொண்டு செய்யும் வாழ்வையே கேட்கின்றாள். அது கிட்டாவிடில் தன் அழுகை அவனையே சாரும் என்றும் எச்சரிக்கின்றாள். ஆகவே காமன் இங்குத் தெய்வமாக நிற்பதைவிடத் தூதனாகவே நிற்கின்றான். ஐந்தாம் பதிகத்தில் குயிலுக்கும் இதே நிலைதான். திருமால் வரக் கூவினால் தன் கிளியின் நட்பு அதற்குக் கிட்டும். கூவாவிடில் சோலையினின்று துரத்தப்படும். வேனிலின் குரல் இனிதாக இருந்தால் மட்டும் போதாது. அவனை அழைத்து வரவும் வேண்டும்.

அடுத்து, இரண்டாம் பதிகத்தைக் காண்க. காமன் வரும் காலமென்று பங்குனியில் வாயிலை ஒப்பனை செய்து காத்திருக்கின்றனர் சிறுமியர். வந்தவனோ கண்ணன், அவர்கள் முயன்று கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வருகின்றான். வேண்டிய வரவு கிட்டும்போது வேண்டியவாறே கிட்டுவதில்லை என்னும் பேருண்மையைச் சிறுமியர் விளையாட்டில் வைத்துக் காட்டிய திறம் வியத்தற்குரியது.

மார்கழியோடு ஆண்டாளை மூடிவைத்தல் பாதிப் பாடத்தோடு நூலை மூடுதல் போலாகும். தமிழாசிரியர்கள் தை பிறந்த பின்னும் ஏட்டைத் திறந்தே வைப்பாராக.