நிமிடத்துக்கு எத்தனை அடி?

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, என்னிடமிருந்த எலக்ட்ரானிக் நடன இசைக் கோப்புகளைப் பிரித்து வைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி, 120லிருந்து 130 வரை ஹவுஸ், அதற்கு மேல் டெக்னோ, 140 என்றால் டப்ஸ்டெப், 170 பக்கம் போனால் டிரம் அண்ட் பேஸ். நான்கே ஃபோல்டர். எஞ்சினியரிங் படித்தவனுக்கு இதைவிட நிம்மதியான வேலை உண்டா? ஓடவிட்டுப் பார்த்தால், டெக்னோவில் பாதி ஹவுஸுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. டப்ஸ்டெப் பாடல்கள் பல, 70 என்று காட்டிக்கொண்டு எங்கும் சேராமல் நின்றன.

நிரலில்தான் பிழை என்று நினைத்தேன். கேட்கக் கேட்க, கேள்வியே தப்பு என்று புரிந்தது.

டப்ஸ்டெப்பையே எடுத்துக்கொள்வோம். வேகம் 140 தான். ஆனால் ஸ்னேர் டிரம் பெரும்பாலும் நான்கில் மூன்றாவது அடியில்தான் விழுகிறது. உடல் அதை 70 ஆகவே எடுத்துக்கொள்கிறது. டிரம் அண்ட் பேஸில் மேலே டிரம்ஸ் பறக்கும், கீழே பேஸ் பாதி வேகத்தில் நடக்கும். எதைப் பிடித்து ஆடுவது என்பது ஆடுகிறவர் விருப்பம். இரண்டும் இங்கிலாந்தில் பிறந்தவை. இரண்டுக்கும் பின்னால், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த சவுண்ட் சிஸ்டம் மரபு இருக்கிறது: ஸ்பீக்கர்களை ஆளுயரத்துக்கு அடுக்கி, பேஸை நெஞ்சில் வாங்கும் மரபு. லேப்டாப்பில் டப்ஸ்டெப் கேட்டுவிட்டு 'இதுல என்ன இருக்கு?' என்றவர்களில் நானும் ஒருவன். பாட்டின் பாதி அந்த ஸ்பீக்கரிலிருந்து வெளியே வரவே இல்லை.

ஹவுஸும் டெக்னோவும் இன்னும் சிக்கல். இரண்டிலும் பொதுவாக கிக் டிரம் நான்கு அடியிலும் விழும். கருவிகளும் அதே ரோலண்ட் 808, 909. அப்புறம் என்னதான் வித்தியாசம்?

சிகாகோவில் 1977இல் ஃபிராங்கி நக்கிள்ஸ் 'வேர்ஹவுஸ்' கிளப்பில் இசைத்தட்டுகளைச் சுழற்ற ஆரம்பித்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். 1979 ஜூலையில் அதே ஊரின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த டிஸ்கோவைக் கைவிடாதவர்களின் இசை ஹவுஸ். அதனால்தான் அதில் குரலும் பியானோவும் தேவாலயப் பாட்டின் உருக்கமும் அடிக்கடி வருகின்றன. டெட்ராய்ட் கதை வேறு. கார் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த ஊர் அது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டு வளர்ந்த யுவான் அட்கின்ஸ் போன்ற கறுப்பின இளைஞர்கள், இயந்திரத்தை இயந்திரமாகவே பேசவிட்டார்கள்.

அதற்காக நடுவில் கோடு கிழித்துவிட முடியாது. 1988இல் டெட்ராய்ட் இசையைத் தொகுத்து பிரிட்டனில் ஒரு ஆல்பம் வந்தது. முதலில் யோசித்த தலைப்பில் இருந்த சொல் 'ஹவுஸ்'. அட்கின்ஸ் கொடுத்த பாடலின் பெயரில் 'டெக்னோ' இருந்தது. ஆல்பத்தின் பெயரே மாறியது. நாங்கள் சிகாகோவின் கிளை இல்லை என்ற அறிவிப்பாகவே அதைப் படிக்கிறேன். எந்த ஸ்கிரிப்ட் இதை எண்ணும்?

இங்கே நம் ஊர்ப் பெருமை ஒன்றையும் பேசியாக வேண்டும். பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் 808, 303 கருவிகளை வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே 303ஐ வைத்து 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது 1987இல். சிங்கின் தட்டு 2010இல் மறுபதிப்பானதும், 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்ததே இந்தியர்தான்' என்று கிளம்பினார்கள். ஒலி ஒத்துப்போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிங்குக்கு 303 ராகத்தின் வழுக்கலை வாசிக்க ஒரு வழி. ஃபியூச்சரில் ராகம்போல் வளர எதுவுமில்லை. ஒரே சொற்கட்டை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கும் மேல் குமிழ்களைத் திருகுகிறார்கள், கூட்டம் அதற்கு ஆடுகிறது. சிங்கின் தட்டுக்கு அப்படி ஒரு கூட்டமும் அமையவில்லை, அதைக் கேட்டு அடுத்த தட்டைப் போட்டவரும் இல்லை. அவரை முன்னோடி ஆக்கும்போது, அவர் உண்மையில் செய்ததையும் சிகாகோக்காரர்களையும் சேர்த்தே அழிக்கிறோம்.

இப்போது என் ஃபோல்டர்களுக்கு ஊர்ப் பெயர் வைத்திருக்கிறேன். அதிலும் இடிக்கத்தான் செய்கிறது. அந்த 1988 ஆல்பத்தில் 'பிக் ஃபன்' என்றொரு பாட்டு உண்டு. இசை டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன். பாடிய பாரிஸ் கிரே சிகாகோ பக்கம். அதை இரண்டு ஃபோல்டரிலும் போட்டு வைத்திருக்கிறேன்.